முழங்கால் அளவு வள்ளல்

வாசகரே, வள்ளல்களில் ஒரு வகை உண்டு. ஊரில் தண்ணீர் முழங்காலைத் தொட்டால்தான் இவர்களுக்கு நெஞ்சு இளகும். கணுக்கால் வரை என்றால் "பாக்கலாம்" என்பார்கள். இடுப்பு வரை ஏறிவிட்டதோ, அப்புறம் இவர்களைக் கையில் பிடிக்க முடியாது!

நம்மவரையே பாருங்கள். பெரிய துணி வியாபாரி. சொந்தமாக ஓர் அறக்கட்டளை. அதில் அவரும் அவர் மனைவியும்தான் அங்கத்தினர்கள். மழைக்காலம் நெருங்கினால் மனிதருக்குக் கால் தரையில் பாவாது. மழைக்கோட்டு மாடியில் காயும், ரப்பர் பூட்ஸ் பளபளக்கும், ரொட்டிக் கடைக்குத் தகவல் போகும், கிடங்கிலுள்ள போர்வைகள் ஒவ்வொன்றிலும் அவருடைய சிரித்த முகம் அச்சாகும், செய்தியில் "புயல் வலுவிழந்தது" என்று சொல்லிவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. கெட்ட மனிதரா? ஐயோ, கிடையவே கிடையாது! போன வருஷ வெள்ளத்தில் நடந்து நடந்து காலெல்லாம் புண்ணாகிப் பத்து நாள் படுத்தவர்.

மழைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, பள்ளத்தெரு பிரசவ ஆஸ்பத்திரி நர்சம்மா அவரைத் தேடி வீட்டுக்கு வந்தார்.

"சார், எங்க தெரு வடிகால் மொத்தமா அடைச்சுக் கிடக்கு. அதத் தூர்வாரி, ஒரு பம்பும் வாங்கிட்டாப் போதும். போன வருஷம் ஒரு புள்ளத்தாச்சிய மேஜை மேல ஏத்திப் படுக்கவெச்சு, சுத்தித் தண்ணி ஓட ஓடப் பிரசவம் பாத்தேன்."

வள்ளலுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னம்மா இது! ஒரு போன் போட்டிருந்தா படகோட வந்திருப்பேனே!"

"படகு வேணாம் சார். வடிகால்..."

"வடிகாலா?" அவர் முகம் தொங்கிப்போனது. போர்வையில் சிரிக்கலாம், வடிகாலில் எப்படிச் சிரிப்பது? "தூர்வாரின வடிகால்ல என்னம்மா இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது சார். அதுதானே வேணும்!"

"தண்ணி வரட்டும்மா. மொத ஆளா வந்து நிக்கிறேன்."

நர்சம்மா எழுந்தார். வள்ளலின் மனைவி வாசல்வரை கூடவே போய்ப் பேசிவிட்டு வந்தார். பூட்ஸைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நம்மவர் அதைக் கவனிக்கவில்லை.

மழை பிடித்தது. மூன்று நாள் கொட்டோ கொட்டென்று கொட்டியது. நான்காம் நாள் காலையில் மழை விட்டதும் வள்ளல் லாரியில் ரொட்டியை ஏற்றி, போர்வையை ஏற்றி, உச்சியில் ஒரு படகையும் கட்டிக்கொண்டு பள்ளத்தெருவில் போய்க் குதித்தார். தண்ணீர் தெறிக்க வேண்டிய பூட்ஸ், தரையில் டொக்கென்று மோதியது. தெருவில் தண்ணீரே இல்லை! அது பாட்டுக்கு வடிகாலில் ஓடிக்கொண்டிருந்தது.

"ரொட்டி வாங்கிக்கோங்க!" என்று கூவினார்.

"இப்பத்தான் சாப்டோம் சார்," என்றார் தையல்காரர்.

"போர்வை?"

"போன வருஷம் குடுத்ததே இருக்கு. உங்க மூஞ்சி கொஞ்சங்கூட மங்கல சார்!"

"மாடியில யாரோ மாட்டிக்கிட்டிருக்காங்களே?"

"அது என் பொண்டாட்டி சார். துணி காயப்போடுறா."

வள்ளலின் கண்கள் தெரு முழுக்க அலைந்தன. தையல்காரருக்கே மனசு கேட்கவில்லை. பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, "இவ்வளவு ஆசையா வந்திருக்கீங்க. அதோ, மூலையில தேங்கியிருக்கற குட்டையில வேணா நான் கொஞ்ச நேரம் நிக்கட்டுமா?" என்றார்.

அப்போது ஆஸ்பத்திரிக்குள்ளிருந்து ஒரு குழந்தை வீறிட்டது. சற்று நேரத்தில் நர்சம்மா துணியில் சுற்றிய சிசுவோடு வெளியே வந்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"பொண்ணு சார்! இந்தத் தடவ கட்டில்லயே பொறந்துட்டா! உள்ள ஒரு சொட்டுத் தண்ணி வரல."

"வடிகாலு... பம்பு... யார் குடுத்தது?"

"உங்க அறக்கட்டளைதான். அம்மா கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்களே, தெரியாதா?"

வள்ளல் மனைவிக்குப் போன் போட்டார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீங்க தண்ணிக்காகக் காத்துக்கிட்டிருந்தீங்க. எனக்குப் பயமா இருந்துச்சுங்க. கொழந்த பொறந்துருச்சா?"

அதற்குள் நர்சம்மா குழந்தையை அவர் கையில் கொடுத்தார். அது அவர் விரலைப் பிடித்துக்கொண்டது. மனிதர் நிஜமாகவே அழுதுவிட்டார். திருந்திவிட்டார் என்றே நானும் நினைத்தேன்.

லாரி டிரைவர் ஓடிவந்தார். "ஐயா! பாலத்துக்கு அந்தப் பக்கத் தெருவுல இடுப்பளவு!"

"இடுப்பளவா!" வள்ளலுக்கு வாயெல்லாம் பல். குழந்தையை நர்சம்மாவிடம் கொடுத்துவிட்டு லாரியில் தாவி ஏறினார்.

"அந்தத் தெருக்காரங்களும் வடிகாலுக்குத்தான் உங்ககிட்ட வந்தாங்க சார்..." என்று நர்சம்மா சொன்னது லாரிச் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை.

சிரிக்காதீர்கள், வாசகரே. உங்கள் வீட்டுப் பரண்மேல், "வெள்ளம் கிள்ளம் வந்தா குடுத்துடலாம்" என்று கட்டிப்போட்ட பழந்துணி மூட்டை ஒன்று எத்தனை வருஷமாக இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது? இந்த வருஷமாவது அதற்கொரு வழி பிறக்காதா என்று நேற்று ஜன்னல் வழியே மேகத்தை எட்டிப் பார்த்தது யார்?