கிருத்திகைக்கு மறுநாள்

கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டுக் குளிக்கப் போன வரதராஜன், குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, ஐந்து இட்லியையும் முடித்துக்கொண்டு வந்து பார்த்தபோது, திரையில் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"தேவகி! மறுபடியும் படுத்துக்கிச்சி!"

"நேத்து கிருத்திகை ஆச்சேங்க," என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

அது வரதராஜனே கண்டுபிடித்த தத்துவம். கிருத்திகை தவறாமல் ஊர் மலைக்கோயிலின் முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறி, முருகனைக் கும்பிட்டு, கூட்டத்தில் நசுங்கிச் சாயங்காலம்தான் இறங்குவார். மறுநாள் கம்ப்யூட்டர் நொண்டும். மலை மேல் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் செல்போனை நீட்டினால் ஊரிலிருக்கிற சிக்னலையெல்லாம் அது உறிஞ்சிக்கொள்ளாதா? இதை ஓய்வூதியர் சங்கத்தில் 'கணினி விழிப்புணர்வு' என்ற தலைப்பில் முக்கால் மணி நேரம் விளக்கியிருக்கிறார். விழித்திருந்த மூன்று பேர் கைதட்டினார்கள்.

ஆனால் இன்றைக்கு நொண்டினால் ஆகாது. ஓர் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து, முப்பத்தோரு வருஷத்தில் ஒரு மனுவைக்கூட முதல் தடவையிலேயே வாங்கிக்கொள்ளாத பெருமையோடு ஓய்வு பெற்றவர் அவர். அந்தப் பெருவாழ்வை ஆறு வருஷமாக எழுதி முடித்திருந்தார். நூலின் பெயர் 'கோப்புகளிடையே ஒரு கோமான்'. நாளைக் காலை அரக்கோணத்து அச்சகத்துக்குப் போயாக வேண்டும். விழாவுக்கு மண்டபம் பேசியாயிற்று. அழைப்பிதழில் அவர் படம் முருகன் படத்தைவிட ஒரு விரற்கடை பெரிது. நூலோ இந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான் இருந்தது. பென் டிரைவில் போட்டு வைத்தால் யாராவது திருடித் தன் பெயரில் வெளியிட்டுவிடுவார்களாம்.

தினமும் சென்னைக்கு ரயிலில் அல்லாடும் மகன் பாலமுருகன் ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தான்.

"பத்து வருசத்துப் பொட்டி நைனா. புதுசு ஒண்ணு வாங்கிடலாம்."

"அதெல்லாம் வாணாம்," என்று கரண்டியோடு வந்து நின்றாள் தேவகி. "அவரு கைராசியே இதுலதான் கீது."

"அப்போ கடையிலயாவது குடுத்துப் பாக்கலாம்."

"கடையா? ஊருக்கே விழிப்புணர்வு சொல்றவன் ரிப்பேர் கடை வாசல்ல போய் நிக்கணுமா? நாலு பேர் பாத்தா என் மரியாதை என்னடா ஆவும்?"

"அப்படிக் கேளுங்க," என்றாள் தேவகி. "நீங்களே பாருங்க. உங்களுக்குத் தெரியாததா?"

அந்த ஒரு சொல் போதும். வரதராஜன் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

முதலில் வைரஸ் ஒழிப்பு. இலவசமாகக் கிடைத்த ஒன்றை இறக்கினார். ஒன்றுக்கு மூன்றாக இருக்கட்டுமே என்று இன்னும் இரண்டை இறக்கினார். வைரஸைப் பிடிக்க வந்த மூன்றும் ஒன்றையொன்று வைரஸ் என்று பிடித்துக்கொண்டு, கல்யாணப் பந்தியில் முதல் இலைக்கு மல்லுக்கட்டும் சம்பந்திகள்போல மோதின. சுற்றிக்கொண்டிருந்த வட்டமும் நின்றது.

"நின்னுடிச்சி," என்றான் பாலமுருகன்.

"யோசிக்குதுடா. நீயும் அப்பப்போ யோசி."

அரை மணி யோசித்த பிறகு அது சற்றே அசைந்தது. அடுத்து, இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் வேண்டாத ஃபைல்களைக் களையும் பணி. உள்ளே ஆயிரக்கணக்கில் பெயர் தெரியாத ஃபைல்கள். எவனென்று தெரியாதவனைத் திருப்பி அனுப்பிப் பழகிய கை அல்லவா? என்ன ஏதென்று கேட்காமல் தள்ளுபடி செய்துகொண்டே போனது. 'இதை அழித்தால் கம்ப்யூட்டர் இயங்காது' என்று திரை ஆங்கிலத்தில் கெஞ்சியது. மனு போட்டவன் கெஞ்சுவதைப் பார்த்து இளகிவிட அவர் என்ன கற்றுக்குட்டியா? அதையும் தள்ளுபடி செய்தார்.

திரை நீலமாகியது.

"கலர் நல்லாத்தான் கீது," என்றாள் தேவகி, காபி டம்ளரை வைத்துவிட்டு. "உள்ள தூசி அடைச்சிக்கினு இருக்குமோ? தொடைச்சிப் பாருங்களேன்."

பெட்டியைத் திறந்தார். பத்து ஆயுத பூஜைகளின் விபூதி, குங்குமம், சந்தனம், போதாக்குறைக்கு ஒரு காய்ந்த எலுமிச்சைத் துண்டு. நியாயமாக அது கர்ப்பக்கிரகத்தில் இருந்திருக்க வேண்டிய பெட்டி. ஈரத் துண்டால் சுத்தமாகத் துடைத்து, மொட்டை மாடியில் வடாம்போலப் பரப்பி வெயிலில் காயவைத்து, மூன்று மணிக்குக் கொண்டுவந்து சுவிட்சைப் போட்டார். 'டப்' என்று ஒரு சத்தம். வீட்டு ஃபேனும் சேர்ந்து நின்றது.

தேவகி வாயில் கைவைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் முதல் தடவையாக உண்மையான கலவரம் தெரிந்தது. "ஐயோ, ஒரேடியா போயிடிச்சா?"

வரதராஜனுக்கு ஆறு வருஷம், மண்டபம், விரற்கடை பெரிய படம் எல்லாம் கண்முன்னே புகைந்தன. யாருக்கும் சொல்லாமல் பெட்டியைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு, பஸ் நிலையத்துக்குப் பின்சந்தில் இருந்த சமியுல்லாவின் ரிப்பேர் கடைக்குள் திருடன்போல நுழைந்தார். சமியுல்லா வெளியே போயிருந்தார். அவர் மகள் ருக்ஸார் உட்கார்ந்திருந்தாள்.

"யாரோடதுங்க சார்?"

"என்னுது இல்லம்மா," என்றார் அவசரமாக. "பக்கத்து வீட்டுக்காரருது. பாவம், ஒண்ணும் தெரியாத மனுசன், கன்னாபின்னான்னு நோண்டிட்டாரு. நானே சரி பண்ணிடுவேன், நேரம்தான் இல்ல."

போர்வையை விலக்கிய ருக்ஸார், பெட்டியின் மேல் ஒட்டியிருந்த வேல் படத்தைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். உள்ளிருந்து தட்டையாக ஒன்றைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினாள்.

"பொட்டி அவ்ளோதான் சார். ஆனா உள்ள எழுதி வெச்சது பத்திரமா கீது. இதோ, 'கோப்புகளிடையே ஒரு கோமான்'."

வரதராஜனுக்கு உயிர் திரும்பியது. உயிரோடு கர்வமும் திரும்பியது. தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்த நூலைப் பத்தி நீ கேள்விப்பட்டிருக்கியாம்மா?"

"ஆங், படாமயா? கிருத்திகைக்குக் கிருத்திகை அந்தாளு மலை ஏறினதும் தேவகி அக்கா ஆட்டோல இந்தப் பொட்டியத் தூக்கிக்கினு வந்துடுவாங்களே! 'ஓடவும் கூடாதும்மா, நிக்கவும் கூடாது. ஓடினா எழுதினதையெல்லாம் படிச்சிக் காட்டுவாரு, நின்னா புதுசு வாங்கிடுவாரு'ம்பாங்க." ருக்ஸார் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நேத்துகூட வந்தாங்களே... ஏன் சார், எங்க அத்தா ஏத்திக் குடுத்த வைரஸ் பத்தலைன்னு அனுப்பிச்சாங்களா?"