கட்டுநாயக்காவுக்கு எந்தக் கியரில் வருவது

கரம்பொன்,
ஆனி 15, 2003

அன்புள்ள சின்னண்ணைக்கு,

தங்கச்சி சுகந்தி எழுதுவது. நானும் இவரும் சுகம். லண்டனில் நீங்களும் அண்ணியும் சுகமாயிருக்க அந்தோனியாரிடம் சொல்லியிருக்கிறேன். கார் விஷயத்தால் அந்தோனியாருக்கும் இப்போது அலுவல் கூடிவிட்டது.

ஆவணியில் கட்டுநாயக்கா எயார்போட்டில் இறங்கி வான் பிடித்து வருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம். சண்டை நின்று பாதை திறந்ததிலிருந்து எனக்கு ஒரே ஆசை, எங்கடை பழைய ஹில்மன் காரில் உங்களை ஏற்றிக்கொண்டு வழி முழுக்கக் கதைத்துக்கொண்டு வரவேணும். இத்தனை வருசமாய் டெலிபோனில் "சுகமோ, சுகம்" என்பதோடு எங்கள் கதை முடிகிறது. வானில் வந்தால் டிரைவர் பாட்டுப் போட்டுவிடுவார்.

ஆனால் மணிக்கு நாற்பது மைலைத் தாண்டினால் ஹில்மனின் எஞ்சின் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் சொல்வது கேளாது. "பின் சில்லுகளுக்கு நடுவிலை இருக்கிற டிபறன்சலை மாத்துவம், எஞ்சின் ஆறுதலாச் சுத்தும், சில்லு கூட ஓடும்" என்றார் இவர். மாற்றினோம். யாழ்ப்பாணம் போகையில் காற்றுப் பின்னாலிருந்து தள்ளியது, சுகமாய்ப் போனோம். திரும்பி வரப் பண்ணைப் பாலத்தில் சோளகக் காற்று முகத்தில் அடிக்க, நாலாம் கியர் இழுக்கவில்லை, மூன்றும் இழுக்கவில்லை, இரண்டில் ஊர்ந்துகொண்டிருக்க ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு மெசின் எங்களை முந்தியது. அதன் பின்பெட்டிக்குள் இருந்த மனுசி, "அக்கா, கயிறு கிடக்கு, கட்டி இழுக்கட்டோ?" என்று கேட்டாள். பழைய டிபறன்சலையே திரும்பப் பூட்டினோம்.

அப்போதுதான் நீங்கள் அனுப்பிய ஓவர்டிரைவ் கியர்பொக்ஸ் வந்தது. வள்ள எஞ்சின் திருத்துகிற இராயப்பு அண்ணை அதைச் சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, "கடலுக்குப் போற எஞ்சினுக்கே ஒரு கியர்தான் தங்கச்சி. உமக்கென்னத்துக்கு ஐஞ்சு?" என்றார். ஆனாலும் பூட்டித் தந்தார். வேகம் பிடித்தபின் சுவிச்சைத் தட்டினால் எஞ்சின் அடங்கும், காற்று எதிர்த்தால் திருப்பித் தட்டலாம். எங்கள் ஊருக்கு இதுதான் சரி. ஆனால் வேகம் பிடிக்க முதல் ஆமிச் சென்றி வந்துவிடும், இறங்கு, ஏறு, திரும்ப முதலாம் கியர். கடைசியில் வேலணை நேர் ரோட்டில் தட்டினேன். சத்தம் நின்றுவிட்டது. "எஞ்சின் நிண்டிட்டுது, ஓரமாக்கும்" என்று இவர் பதறினார். "இல்லையப்பா, இதுதான் ஓவர்டிரைவ்" என்றேன். உடனே சாதாரணக் குரலில், "பின்னேரம் என்ன கறி?" என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்பது மைலில் ஒரு மனுசன் கத்தாமல் கறி கேட்கிறார். அதனால் வானுக்குச் சொல்லிவைக்க வேண்டாம், நான் வருவன்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. நீங்கள் வந்து சேரும்வரை மாதா உங்களைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அன்புத் தங்கை,
மேரிசுகந்தி

பி.கு.: கடிதத்தை ஒட்ட முதல் இவர் காரைக் கொட்டிலுக்குள் விட்டார். இடம்பெயர்ந்த காலத்திலிருந்து இவருக்குக் காரின் முகம் ரோட்டைப் பார்த்து நிற்கவேணும், எந்த நேரமும் ஓட ஆயத்தமாய். ஓவர்டிரைவ் சுவிச்சை நிறுத்தாமல் றிவேர்சில் விட்டுவிட்டார். அப்படி விட்டால் உள்ளே உடையும் என்று நீங்கள் எழுதியது உண்மைதான். நாளைக்குப் பழைய கியர்பொக்ஸைத் திரும்பப் பூட்டுகிறோம். இனிமேல் முகம் வீட்டுப் பக்கம் இருக்க நேரே விடுங்கோ, ஓடவேண்டி வராது என்று சொல்லியிருக்கிறேன். எப்படியோ வான் பிடிக்காதையுங்கோ, நாங்கள் ஒருநாள் முந்தி வெளிக்கிடுறம். கதைக்க ஏலாது, கத்தலாம். தொண்டைக்கு ஏதும் மருந்து கொண்டுவாருங்கோ, இரண்டு பேருக்கும் போதக்கூடியதாய்.