சொட்டுநீர்க் குழாயில் சர்க்கரைப் பொங்கல்

படித்தவர்கள் முட்டாள்தனம் செய்யமாட்டார்கள் என்பது படிக்காதவர்களின் நம்பிக்கை. எங்கள் குடும்பத்தில் அந்த நம்பிக்கையை ஒரே காலையில் உடைத்தவள் நான்தான்.

வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள், அதிலும் விவசாயப் பட்டதாரி. போடியில் பஸ்சைவிட்டு இறங்கினால் ஊரே என் பட்டத்தைப் பார்ப்பதுபோல் நடப்பேன். (ஊர் பார்த்தது என் அறுந்த செருப்பை.) வேளாண் துறையில் வேலை கிடைத்ததும் அய்யாவை (அப்பாவைத்தான்) நச்சரித்து, சிலமலையில் எங்கள் மேட்டுக்காட்டையே மற்ற விவசாயிகள் வந்து பார்ப்பதற்கான மாதிரிப் பண்ணையாக்கினேன். மண் அரிக்காமல் இருக்கச் சரிவுக்குக் குறுக்கே வரப்புகள், எலுமிச்சைக் கன்றுகள், மேட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதிலிருந்து பெரிய குழாய்கள், அவற்றிலிருந்து ஒவ்வொரு கன்றின் காலடியிலும் சொட்டுச் சொட்டாக நீர்விட ஒரு மெல்லிய குழாய்.

கிணற்றில் பங்குள்ள சித்தப்பா வந்து பார்த்தார். "என்னத்தா, காட்டுக்கு குளுக்கோஸ் ஏத்துறியா?"

அய்யா சிரிக்கவில்லை. "இந்தா பாரு ஆத்தா. சனங்க பாக்க வர்ற அன்னைக்கு இது ஓடலைன்னா, குழாயைச் சுருட்டிட்டு வாய்க்கால் வெட்டிருவேன். நீயும் வேலையை விட்டுட்டு ராசிங்காபுரத்து மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டணும்."

(மாப்பிள்ளை நல்லவர்தான். மருமகள் வேலைக்குப் போகக் கூடாது என்று அவருடைய அம்மாதான் சொல்லியிருந்தார்.)

புதிதாகத் தண்ணீர் விடும்போது பொங்கல் வைத்து, முதல் தண்ணீரில் ஒரு கை கரைத்துவிடுவது எங்கள் வழக்கம். வாய்க்காலில் அது காக்காய்க்கும் மீனுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். சனங்கள் பார்க்க வரும் அன்று விடிந்ததும் அம்மா பொங்கல் சட்டியோடு வந்து நின்றாள்.

"வாய்க்கால் எங்கடி?"

"வாய்க்காலே கிடையாதும்மா."

"அப்ப தொட்டியில போடு, வெரசா. ஆளுக வந்துரப் போறாக."

நான் மறுத்திருக்க வேண்டும். ஆனால் வேலை போய்விடுமே என்ற பயத்தில், சாமியும் துணைக்கு இருக்கட்டும் என்று தோன்றியது. ஒரு கை என்ன, சட்டியையே கவிழ்த்தேன். தொட்டியின் வாயிலிருந்த கம்பிச் சல்லடையில் பொங்கல் அப்படியே நின்றது. சாமிக்கு வைத்ததைச் சல்லடை தடுக்கலாமா? கழற்றிவிட்டு, தென்னை மட்டையால் நன்றாகக் கலக்கியும் விட்டேன். (வடிகட்டிப் பாடத்தில் வகுப்பிலேயே நான்தான் முதல்.)

ஜீப்பில் வெள்ளைச் சட்டை அதிகாரி வந்தார். பொட்டிபுரம் பக்கத்து விவசாயிகளும், மலையில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்களும் லோடு வண்டியில் வந்தார்கள்.

"இந்த முறையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வீணாகாது!" என்று முழங்கி, வால்வைத் திறந்தேன்.

ஒரு சொட்டும் வரவில்லை.

"நெசந்தான்த்தா," என்றார் சித்தப்பா. "கொஞ்சங்கூட வீணாகலை."

பதறிப்போய் வால்வை முழுதும் திருகினேன். அதிகாரி குனிந்து ஒரு குழாயை உற்றுப் பார்த்த நேரமாகப் பார்த்து இணைப்பு பட்டென்று கழன்றது. சட்டையெல்லாம் வெல்லப்பாகும் சோறும். மூக்குக்கண்ணாடியில் ஒரு முந்திரி. சித்தப்பா தன் கையில் தெறித்ததை நக்கிப் பார்த்து, "நெய் தாராளம்," என்றார்.

அய்யா மண்வெட்டியைத் தூக்கினார்.

"கொஞ்சம் பொறுங்கய்யா!" என்று கத்திக்கொண்டே தொட்டியை வடித்தேன். சல்லடையை மாட்டினேன். பெரிய குழாய்களின் கடைசி மூடிகளைக் கழற்றித் தண்ணீரைப் பீய்ச்சவிட்டேன். பிறகு வரப்பில் மண்டியிட்டு, மெல்லிய குழாய்களை ஒவ்வொன்றாக வாயில் வைத்து ஊதினேன். (அப்போது நான் அழவில்லை. அழுதிருந்தாலும் முகத்தில் இருந்த பாகில் யாருக்கும் தெரிந்திருக்காது.) பார்க்கப் பரிதாபமாக இருந்திருக்க வேண்டும். பொட்டிபுரத்துப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து தானும் ஒரு குழாயை ஊதினார். பின்னாலேயே மற்றவர்களும் ஊதினார்கள். கன்றுக்குக் கன்று தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

"அடைச்சா மொத்தமும் குப்பைன்னுல்ல பயந்து கெடந்தோம்!" என்றார் பெரியவர். "ஊதினாச் சரியாயிருமா? அப்ப என் காட்டுக்கும் போடுத்தா."

"எனக்கும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சித்தப்பாதான்.

அய்யா மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தன் துண்டால் அதிகாரியைத் துடைக்கப் போனார். அந்த வாரமே ராசிங்காபுரத்துக்கு ஆள் அனுப்பி, தோதுப்படாது என்று சொல்லிவிட்டார்.

பிறகு, வேலைக்குப் போகும் மருமகள்தான் வேண்டும் என்ற வீட்டில் எனக்குக் கல்யாணம் ஆனது. தலைப்பொங்கலுக்குச் சீர் கொண்டுவந்த சித்தப்பா, என் மாமியாரைத் தனியே கூப்பிட்டார்.

"பொங்கலை மட்டும் நீங்களே பரிமாறுங்க தாயி. இவ கையில குடுத்தா, இலையை விட்டுட்டுத் தொட்டியத் தேடுவா."

இன்றுவரை அந்த வீட்டில் பொங்கல் பரிமாறும் வேலை எனக்குக் கிடையாது. உட்கார்ந்து சாப்பிடுவதோடு சரி.