இருபத்திரண்டு மாடி லிப்ட்

பாசமுள்ள பெரியண்ணனுக்குத் தங்கச்சி எழுதுவது. நான் இங்கே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன். நீயும் அண்ணியும் அதைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருக்கவேண்டும்.

அண்ணா, என் மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லி என் விமான டிக்கெட்டை இந்த வாரத்துக்கே மாற்றச் சொல். இந்த நாடு எனக்கு ஒத்துவராது. உன் மச்சான் இங்கே இருந்தபோது இருபத்திரண்டு மாடிக் கட்டடத்துக்கு லிப்ட் போட்டதாக எல்லாரிடமும் சொல்வாரே, அதில் ஒரு தடவை ஏறிப் பார்க்கத்தானே, அவர் போய்ச் சேர்ந்த எட்டாம் மாதமே கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன். மகள், "டாக்சி கட்டுப்படியாகாதும்மா, பஸ்லயே சுத்து" என்று பஸ் பாஸ் கொடுக்கும் மெஷின் முன்னால் விட்டுவிட்டு வேலைக்கு ஓடிவிட்டாள். மெஷினில் ஒரு தலைப் படம், இரண்டு தலைப் படம். முப்பது வருஷப் பழக்கம், விரல் தானாகப் போய் இரண்டு தலையை அழுத்திவிட்டது. வாங்கியதை வீணாக்க முடியுமா? அந்தக் கட்டடத்து முன்னால் நின்று அவர் எடுத்துக்கொண்ட போட்டோவை ஜன்னலோர சீட்டில் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு தடியர் அங்கே உட்காரப் பார்த்தார். "ஆள் இருக்கு" என்று தமிழிலேயே சொன்னேன், நகர்ந்துவிட்டார். அப்புறம் செக்கர் வந்து, இன்னொருத்தர் எங்கே என்று இரண்டு விரலைக் காட்டினார். போட்டோவைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பாஸில் இரண்டு ஓட்டை போட்டுக் கொடுத்தார். அழுதுவிட்டேன். என்னைத் திட்டிவிட்டார் என்று நினைத்து அந்தத் தடியர் செக்கரோடு சண்டைக்குப் போய்விட்டார்.

அதே ரூட் பஸ்ஸில் நாலு சுற்று. உயரக் கட்டடமாக வந்தால் இறங்கிப் போட்டோவை நீட்டுவேன், எல்லாரும் கையை விரித்தார்கள். கடைசியில் பஸ்ஸிலேயே நம் பேச்சுப் பேசும் பெயிண்டர் ஒருவர் கிடைத்தார்.

"அக்கா, இதுல கட்டடமே இல்லையே, அண்ணன்தான் இருக்காரு!"

"பின்னாடி பாருங்க தம்பி."

"பின்னாடி ஒரு நீலக் கதவு. அதுவும் பாதிதான் தெரியுது."

கல்யாண போட்டோவிலேயே என்னை மறைத்துக்கொண்டு நின்ற மனுஷனாயிற்றே! அந்தக் கதவு கண்ணில் பட்டால் சொல்கிறேன் என்று மகள் நம்பரை வாங்கிக்கொண்டு அவரும் இறங்கிவிட்டார். போதும் அண்ணா, கால் வீங்கிவிட்டது.

அண்ணிக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், உனக்குப் பிரஷர் மாத்திரையை மறக்காதே என்ற வேண்டுகோள்.

இப்படிக்கு,
தங்கச்சி

பின்குறிப்பு: டிக்கெட்டை மாற்றாதே. தான் பெயிண்ட் அடிக்கும் இடத்திலேயே அந்த நீலக் கதவு இருக்கிறது என்று இன்று காலை பெயிண்டர் தம்பி போன் பண்ணினார். ஓடினேன். நேற்று நாலு தடவை தாண்டிப் போன கட்டடம்! மொத்தமே நாலு மாடி. 'இந்த ஆள் வீட்டுக்கு வரட்டும், பேசிக்கிறேன்' என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அப்புறம்தான் நினைவு வந்தது. அவர் போட்ட லிப்டில் ஐந்து தடவை உச்சி வரை போனேன், ஆறாவது தடவை இரண்டாம் மாடியில் இறங்கிவிட்டேன். கூட்டிப் பார், இருபத்திரண்டு. யார் கேட்டாலும் அப்படியே சொல்.