தறப்பாளுக்குள் ஒரு வறண்ட நிலம்

என் இடுப்பு வலிக்கிறது. நண்டு பிடித்த மாதிரி இடது பக்கம் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. இதைச் சாதாரண வலி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி வந்த வலி, உரமூட்டை தூக்கி வந்த வலி எல்லாம் தொழிலாளர் குடியிருக்கிற எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. இது பூமி என்கிற உருண்டையைக் காப்பாற்றியதால் வந்த வலி. லிந்துலைக்கு மேலே இருக்கிற தோட்டங்கள் எல்லாவற்றிலும் இந்த வலிக்குச் சொந்தக்காரன் ஆண்டியப்பனாகிய நான் ஒருவன்தான்.

எங்கள் தோட்டத்து உச்சியில் ஒரு மலை இருக்கிறது. கம்பெனி கவனிக்காமல் விட்டதில் தேயிலை செத்து, மானாப்புல் ஏறிவிட்டது. நாங்கள் அதைக் 'காடாப்போன மலை' என்போம். இப்போது அதன் பெயர் 'அரைவறள் மேய்ச்சல் நிலம்'. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று உலகத்தில் வறண்டு கிடக்கிற புல்வெளிகளை எல்லாம் மீட்கப் புறப்பட்டிருந்தது. மழைத் தண்ணீரை மண்ணுக்குள் இறக்குவது, காற்றில் இருக்கிற காபனைப் புல் வழியாக இழுத்து மண்ணுக்குள் பூட்டிவைப்பது. உயர்ந்த நோக்கம். ஆனால் பணம் வறண்ட நிலத்துக்கு மட்டும்தான் இருந்தது. ஆகவே எங்கள் மலை வறண்டது.

எங்கள் ஊரில் ஆடியில் துவைத்த சட்டை ஆவணியில் காயும். அதுவும் அடுப்புக்கு மேலே கொடி கட்டினால். இதை நான் திட்ட அலுவலர் துரைராசாவிடம் பணிவாகச் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், மண்ணைப் படித்தவர், தங்கமான மனிதர். குடையைச் சாய்த்து, மூக்கு நுனியில் சொட்டிய மழையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ஆண்டியப்பன், வறட்சி எண்டது வானத்தில இல்லை. கோட்பாட்டில இருக்கு."

அன்றைக்கே எனக்கு 'நீரியல் உதவியாளர்' பதவி கிடைத்தது.

அந்தப் பதவியின் மகத்துவத்தைச் சொல்ல வேண்டும். மண் எவ்வளவு வேகமாகத் தண்ணீரைக் குடிக்கிறது என்று அளக்கச் செயற்கை மழை பெய்விக்க வேண்டுமாம். வறண்ட நாட்டில் மழை இல்லாததால் அங்கே வகுத்த முறை. இங்கே மழை இருந்தது, ஆனால் அது செயற்கை இல்லை. அதனால் மலையில் ஒரு துண்டு நிலத்துக்கு மேல் பெரிய தறப்பாள் கட்டி, உண்மை மழை உள்ளே நுழையாமல் தடுத்தோம். பிறகு நான் கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டே கீழே ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலிக்குப் போய், தண்ணீர் பிடித்து, தோளில் சுமந்து மேலே ஏறி, தறப்பாளுக்குள் பூவாளியால் மழை பெய்வித்தேன். துரைராசா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பீலியில் குடத்தோடு வரிசையில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் விஞ்ஞானத்தின் மேல் உள்ள பொறாமையாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது மாடு. மாடுகள் கூட்டமாக வந்து மேய்ந்து, மிதித்து, சாணி போட்டு, உடனே வேறு இடத்துக்கு நகர வேண்டும். அப்போதுதான் புல் திரும்பத் தழைக்கும், மண் கறுக்கும். நேற்று வரை அந்த மலையில் ஏறிய மாட்டைக் காவல்கார வாச்சர் பிடித்துக் கட்டிவைப்பார். இன்று லயத்து மாடுகள் எல்லாவற்றுக்கும் மரியாதையான அழைப்பு.

ஆனால் தோட்டத்தில் பெரட்டுக்கு வந்து பேர் கொடுக்காமல் யாரும் வேலைக்குப் போக முடியாது. காலையில் வேலை பிரிக்கிற அந்த இடத்தில் எங்களை மேய்க்கிற மேற்பார்வையாளர் கண்டாக்கையா மாடுகளையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டார். பக்கத்து லயத்துப் பேச்சியம்மாவின் பசு சிவப்பி முதல் நாளே பிந்தி வந்தது. பிந்தி வந்த ஆளைத் திருப்பி அனுப்புவது தோட்டத்துச் சட்டம். கண்டாக்கையா சட்டத்தில் ஆள், மாடு என்று பேதம் பார்ப்பவரல்லர். சிவப்பியைத் திருப்பி அனுப்பினார்.

"அர நாளுக்கு அரப்பேராவது போடுங்கய்யா. வாயில்லா ஜீவன்" என்றாள் பேச்சியம்மா.

"வாயில்லாமலா மேயப் போவுது?" என்றார் கண்டாக்கையா. பெரட்டே சிரித்தது. சிவப்பி மட்டும் சிரிக்கவில்லை. நின்ற இடத்திலேயே சாணி போட்டது. பேச்சியம்மா குனிந்து அள்ளப் போனாள். அப்போதுதான் புதிய விதி அறிவிக்கப்பட்டது. திட்டத்தில் சேர்ந்த மாட்டின் சாணி இனி 'காபன் வைப்பு'. அதை யாரும் எடுத்துப் போகக் கூடாது. முன்பு மாட்டைப் பிடித்த வாச்சர் அன்றிலிருந்து சாணிக்குக் காவல் நின்றார்.

பேச்சியம்மாவுக்கு லயத்துக்குப் பின்னால் ஒரு காய்கறிப் பாத்தி உண்டு. அவள் வாழ்க்கைப்பட்டு வந்தபோது அது வெறும் சரளை. மூத்த மகன் பிறப்பதற்கு முன்பிருந்தே சாணி, சாம்பல், முட்டைக்கோது, தேயிலைச் சக்கை என்று கொட்டிக் கொட்டி அதை மண்ணாக்கியிருந்தாள். கறுகறுவென்று, கையில் பிடித்தால் கேக் மாதிரி உதிரும். லீக்ஸும் உருளைக்கிழங்கும் போட்டு அந்தப் பாத்தியை வைத்துத்தான் பிள்ளைகளைப் படிப்பித்தாள். அடுத்த போகத்துக்கான விதைக் கிழங்கு கட்டிலுக்கடியில் முளை விட்டுக் காத்திருந்தது.

இந்த நேரத்தில்தான் வெளிநாட்டிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருகிறது என்று செய்தி வந்தது. துரைராசா காபன் அளக்கிற கருவியை எடுத்துக்கொண்டு தறப்பாளுக்குள் போனார். மண்ணில் குத்தினார். பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி குத்தினார். சரிவில் இருந்த மண்ணை எல்லாம் பல வருஷத்து மழை கழுவிக்கொண்டு போய்விட்டதால், மிச்சம் இருந்தது சரளை. மாடுகள் ஏறி ஒரு சில மாதம்தான் ஆகிறது. காபன் இல்லை.

துரைராசா கல்லில் உட்கார்ந்துவிட்டார். ஊரில் கடன் வாங்கிப் படித்த படிப்பு வீணாய்ப் போனவர் போல முகம். கண்டாக்கையா மட்டும் கலங்கவில்லை. காபன் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து கொண்டுவந்தால் போயிற்று என்றார். ஆள் பற்றாத டிவிசனுக்கு வேறு டிவிசனிலிருந்து ஆள் மாற்றுவதில்லையா, அது மாதிரி 'மண் இடமாற்றம்'. துரைராசா மூடுபனியின் அழகைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

நாங்கள் மண்வெட்டியும் சாக்குமாகப் பேச்சியம்மாவின் பாத்திக்குப் போய் நின்றோம். அவள் கொழுந்து நிறுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள், தலையில் கூடைக் கயிறு அழுத்திய தடம் இன்னும் மாறவில்லை.

"நெலம் கம்பெனியோடது பேச்சி. மண்ணு நெலத்துலதான இருக்கு?" என்றார் கண்டாக்கையா.

"நெலம் கம்பெனியோடதுதாங்கய்யா. ஆனா இது மண்ணு இல்லிங்க, சாணி. சாணி மாட்டோடது. மாடு என்னோடது."

கண்டாக்கையா அசந்துதான் போனார். சட்டத்தில் அவருக்கு இப்படி ஒரு சோதனை வந்ததில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, இது எடுத்துப் போவது அல்ல, 'இரவல்' என்றார். வெள்ளைக்காரர்கள் வந்து போனதும் அள்ளிக்கொண்டு வந்து போட்டுவிடுவோம். முடியாது என்றால், லயத்துக்குப் பின்னால் தோட்டம் போட யாருக்கு அனுமதி இருக்கிறது என்று தோட்டத்துத் தொரை விசாரிக்க வேண்டி வரும்.

பேச்சியம்மா என்னைப் பார்த்தாள்.

"ஆண்டியண்ணே, நீங்கதான சொமக்கப் போறீங்க? நீங்கதான் திருப்பிக் கொண்டாந்து போடணும். கெழங்கு மொளவிட்டுருச்சு."

போடுவோம் என்று கண்டாக்கையாவே எனக்காகச் சொல்லிவிட்டார். யூரியா சாக்கில் கட்டி மேலே ஏற்றி, தறப்பாளுக்குள் பரப்பினேன். ஈரமண் என்ன கனம் கனக்கும் என்பது சுமந்தவனுக்குத்தான் தெரியும். இடுப்பில் நண்டு பிடித்தது அப்போதுதான்.

குழு வந்த நாள் திட்டத்தின் பொன்னாள். தறப்பாளுக்கு வெளியே சோவென்று மழை. உள்ளே வறட்சி. தலைவரான வெள்ளைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தார். மண்ணை ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். கண் கலங்கியது. அவருடைய கருவி காட்டிய எண்ணைப் பார்த்து உடன் வந்தவர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பாலைவனங்களில் எல்லாம் தேடிக் கிடைக்காதது லிந்துலையில் கிடைத்துவிட்டதாம்.

அவர் விரலில் ஒரு கண்ணாடி வளையல் துண்டு தட்டுப்பட்டது. பண்டைய மேய்ச்சல் சமூகம் ஒன்று இங்கே வாழ்ந்ததற்கான சான்றாக இருக்கலாம் என்று துரைராசா விளக்கினார். பேச்சியம்மாவின் இளைய மகளுக்கு வளையல் உடைந்ததும், அதற்கு அவள் அடி வாங்கியதும் பண்டைய காலம்தான் போலும். பிறகு ஒரு சின்ன உருளைக்கிழங்கு வந்தது. துரைராசா கருவியைத் துடைக்கத் தொடங்கினார். கண்டாக்கையா முந்திக்கொண்டு, மாடு போட்டது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைவிடக் குறைவான ஆங்கிலத்தில் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

உச்சக்கட்டமாக, மேய்ந்துகொண்டிருந்த சிவப்பி தறப்பாளைத் தலையால் முட்டிக்கொண்டு உள்ளே வந்தது. மண்ணை மோந்தது. அடையாளம் கண்டுகொண்டது மாதிரி ஒரு சத்தம் கொடுத்துவிட்டு, அதன் மேலேயே கால் மடக்கிப் படுத்துக்கொண்டது. அந்தப் படம் உலகமெங்கும் போயிருக்கிறது என்கிறார்கள்.

திடீரென்று வெயில் அடித்தது. மீட்கப்பட்ட நிலத்தை வெளிச்சத்தில் படம் எடுக்க வேண்டும் என்று தலைவர் ஆசைப்பட்டார். தறப்பாளை அவிழ்த்துச் சுருட்டினோம். படம் எடுத்தார்கள், தேநீர் குடித்தார்கள், வாகனம் ஏறினார்கள். வளைவு தாண்டுவதற்குள் வானம் கிழிந்தது.

சுருட்டிய தறப்பாளை விரிக்க நேரம் இல்லை. கறுப்பாகத் தண்ணீர் இறங்கியது. படிக்கட்டில் இறங்கி, பீலியைக் கலக்கி, லயத்து வாசலைத் தொட்டுக்கொண்டு, பேச்சியம்மாவின் காலடியாகவே ஓடி, ஆற்றில் விழுந்து தலவாக்கலை நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பேச்சியம்மா வாசலில் முறத்தை வைத்துத் தடுத்துப் பார்த்தாள். ஒரு முறம் அளவுக்கு நின்றது.

திட்டம் அபார வெற்றி. 'மண்ணைக் காத்த தோட்டம்' என்று ஆபீஸ் சுவரில் கேடயம் மாட்டியிருக்கிறார்கள். துரைராசாவுக்குப் பதவி உயர்வு. மண் அள்ளிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கியதும் வீண்போகவில்லை. அதன் ஓரத்தில் 'மழைநீர் சேகரிப்புக் கட்டமைப்பு' என்று பெயர்ப்பலகை நட்டிருக்கிறார்கள். நீர்த்தேக்கத்தில் சேறு ஏறிவிட்டதாம், அதை அகற்றவும் ஒரு திட்டம் வரப்போகிறதாம். என்னையே கூப்பிடுவார்கள் என்று கேள்வி.

பேச்சியம்மா கண்டாக்கையாவிடம் கேட்டால், மேலே கேட்க வேண்டும் என்கிறார். மேலே கேட்டால், கண்டாக்கையாவைக் கேட்கச் சொல்கிறார்கள். என்னைக் கண்டால் அவள் ஒன்றும் கேட்பதில்லை. கட்டிலுக்கடியில் கிழங்கு சுருங்கிப் போய், முளை மட்டும் சுவரைப் பிடித்து ஏறிக்கொண்டிருக்கிறது.

மண்ணைக் காத்த எங்கள் கம்பெனி பேச்சியம்மாவுக்கு ஒரு பாத்தி மண் தர வேண்டும். இன்னும் தரவில்லை.