பட்டன் செய்த ஒரே தப்பு

மனிதர்கள் தப்பே செய்வதில்லை, தப்பெல்லாம் சுவிட்சுகளும் பட்டன்களும் செய்வதுதான் என்று நம்பிய ஒரே ஜீவன் இந்தப் பூமியில் 'பட்டன்' என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்த என் நண்பன்தான். தேனிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் அவன் சிவில் வாத்தியார், நான் கணக்கு வாத்தியார். அல்லிநகரத்தில் இருவருக்கும் ஒரே அறை. 2006 இருக்கும்.

அறையில் ஒரே பலகையில் நாலு சுவிட்ச். ஃபேன் போடப் போய் நான் தினமும் விளக்கை அணைப்பேன். உடனே கட்டிலிலிருந்து சத்தம் வரும்: "நாப்பத்தி மூணு!" என் தப்புகளை எண்ணி நோட்டில் குறிக்கிறானாம்.

"எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுங்கிறியா?"

"ஓன் மேல தப்பே இல்ல மாப்ள. சுவிட்சு மேலதான்."

அதே நோட்டோடு ஏடிஎம் வாசலுக்கும் போனான். யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று மூன்று நாள் எட்டிப் பார்த்து எழுதினான். நாலாம் நாள் வாட்ச்மேன் சட்டையைப் பிடித்துவிட்டார். மீட்கப் போனால், பயல் அவரையே பேட்டி எடுத்துக்கொண்டிருக்கிறான்!

ஒரு நாள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுக் கத்தினான். "மாப்ள, இதுக்குன்னே ஒரு படிப்பு இருக்குடா! மனுசனும் கம்ப்யூட்டரும் எப்படிப் பழகுறதுன்னு ஆராய்ச்சி பண்ணுனா டாக்டர் பட்டமே தாராக!"

விண்ணப்பம் போட்டான். சென்னையிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பும் வந்தது. சிவில்காரனை எடுப்பார்களா என்பது யாருக்கும் தெரியாது. அதற்குள் வேலையை ராஜினாமா செய்துவிட்டான்.

நேர்முகத்தில் காட்டுவதற்காகக் கிணற்று மோட்டாருக்கு ஒரு பெட்டி செய்தான். குட்டிக் குட்டி பட்டன்கள், பக்கத்தில் ஒரு சின்னத் திரை. கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, ராயப்பன்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் அதை மாட்டிப் பார்த்தோம். தோட்டக்கார அம்மாள் ஈரக் கையோடு வந்தார்.

"லேசாத் தொடுங்க ஆத்தா, போதும்" என்றான் பட்டன்.

"ஈரக் கையோட மோட்டாரத் தொடவா? என்னய மேல அனுப்பப் பாக்கிறீகளா?" என்றவர், மூலையில் சாத்தியிருந்த காய்ந்த குச்சியை எடுத்தார். ஷாக் அடிக்குமென்று அங்கே எல்லோரும் மோட்டார் சுவிட்சைக் குச்சியால்தான் தட்டுவார்கள். ஒரே குத்து. குச்சி பெட்டியின் பட்டனைத் தவறித் திரையில் இறங்கியது. மூன்று மாத உழைப்பு சுக்குநூறாகிவிட்டது.

"வாத்தியாருக கோவிச்சுக்கிராதீக" என்று அம்மாள் பதறினார்.

அழப்போகிறான் என்று நினைத்தேன். அவனோ செருப்போடு வாய்க்காலில் குதித்து ஆடினான். "ஏலே, கெடச்சிருச்சுடா! வெரலுக்குச் செஞ்சேன், குச்சிக்குச் செய்யலையே! தப்பு எம் மேலதான்டா!" ஒரு மனிதன் மேல் தப்பு என்று அவன் சொல்லி நான் கேட்டது அன்று ஒரு தடவைதான்.

உடைந்த பெட்டியோடும் அந்தக் குச்சியோடும் சென்னைக்குப் போனான். நேர்முகம் முடிந்ததும் போன் வந்தது.

"குச்சிய மேசையில வச்சேன் மாப்ள. கட்டடத்தப் பத்தி ஒரு கேள்வி இல்ல, பூராம் குச்சியப் பத்தித்தான் கேட்டாக. எடுத்துக்கிட்டாகடா!"

தனியாக நின்று விசிலடித்தேன்.

பெட்டி படுக்கையோடு அவன் ஊரைவிட்டுப் போன அன்று, சாயங்காலம் அறைக்கு வந்து வழக்கம்போலத் தப்பான சுவிட்சைத் தட்டினேன். ஃபேன் சுற்றியது. என் கை எந்த சுவிட்சுக்குப் போகுமோ, அதற்கே ஃபேனை மாற்றி இணைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அந்த அறையைக் காலி செய்யும்வரை, தினமும் வேண்டுமென்றே ஒரு தடவை வேறு சுவிட்சைத் தட்டிப் பார்ப்பேன். எண்ணத்தான் ஆள் இல்லை.