மொரிசியஸ்காரி ஓட்டிய ரெயில்

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் நான் தமிழச்சி இல்லை என்று சொல்லியிருக்கிறேன். அதையும் ஒரு தமிழரின் முகத்துக்கு நேரே சொன்னேன். அப்போது நான் ஓட்டிவந்த ரெயிலின் முதல் இரண்டு பெட்டிகள் பிளாட்பாரத்தைத் தாண்டிப் போய், புல்லுக்குள் நின்றுகொண்டிருந்தன.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. எனக்கு முப்பது வயது. மொன்றியலின் மேற்குப் புறநகர்களுக்கு ஓடும் பயணிகள் ரெயிலில் சாரதி. தனியாக ஓட்டத் தொடங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. காலையில் பத்துப் பெட்டி சனத்தை நகரத்தில் இறக்குவேன், பின்னேரம் அதே சனத்தை ஏற்றிக்கொண்டு போவேன். மலைக்கு அடியில் உள்ள சுரங்கத்தை விட்டு ரெயில் வெளிச்சத்துக்கு வரும் கணம் இருக்கிறதே, அதற்காக நான் சம்பளமில்லாமலும் ஓட்டியிருப்பேன். (யூனியன்காரர் யாருக்கும் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

செயின்ட்-மிஷேலில் மூன்றாம் மாடி வீடொன்றில் நானும் அம்மாவும் இருந்தோம். என் வேலையில் அம்மாவுக்கு ஒரே ஒரு குறை: வெளியே சொல்ல முடியவில்லை.

“ரெயில் ஓட்டுற பொம்பிளையை ஆரடி கட்டுவினம்?” என்பார்.

ஆகவே கோயிலிலும் மரக்கறிக் கடையிலும் நான் ‘ரெயில்வேயிலை ஒஃபிஸ் வேலை’ பார்ப்பவள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். நானும் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அம்மாவுக்குக் கோபம், பொய் சொன்னால் யாருக்கும் நட்டமில்லை என்று நினைத்திருந்தேன்.

அந்த ஒக்டோபரில், என் ரெயில் நிற்கும் புறநகரான பியர்பொன்ட்ஸிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. சொந்த வீடு, சுதன் என்று ஒரே மகன், மருந்துக்கடையில் வேலை. அம்மா அவர்களுக்குக் கொடுத்தது ஒரு கலியாண வீட்டில் எடுத்த என் படம். அதில் பூசியிருந்த பூச்சில் என்னை எனக்கே அடையாளம் தெரியாது. சனிக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

“என்ன வேலை எண்டு கேட்டால், ரெயில் நேரம் குறிக்கிற ரைம்ரேபிள் போடுற பகுதி எண்டு சொல்லு” என்று அம்மா பாடம் எடுத்தார்.

“அங்கை என்ன செய்யிறது எண்டு கேட்டால்?”

“அதை நீதான் யோசிச்சு வை.”

யோசித்தேன். எங்கே வைத்து யோசித்தேன் என்பதுதான் என் துரதிர்ஷ்டம். செவ்வாய்க்கிழமை பின்னேரம், எண்ணூறு பேரை ஏற்றிக்கொண்டு பியர்பொன்ட்ஸை நெருங்கும்போது, மனசுக்குள் நான், இல்லாத ஒஃபிஸ் ஒன்றில் இருந்தேன். எனக்கு ஒரு மேசை கொடுத்தேன். ஜன்னலோரமாகப் போட்டேன். கோபக்கார மேலதிகாரி ஒருத்தியையும் உருவாக்கி, அவளுக்குக் கண்ணாடி மாட்டினேன். மேசையில் ஒரு சின்னப் பூச்சாடியை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, பிரேக் போட வேண்டிய இடம் என்னைக் கடந்து போய்விட்டது.

போட்டேன். ஆனால் ஒக்டோபர் மாதத்து மொன்றியலில் மழையில் நனைந்த இலைகள் தண்டவாளத்தில் நசுங்கிச் சவர்க்காரம் மாதிரிப் படிந்திருக்கும். சக்கரம் நின்றது, ரெயில் நிற்கவில்லை. பிளாட்பாரத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக என்னைப் பார்த்தபடி பின்னுக்குப் போனார்கள். குடை பிடித்த ஒரு கிழவி எனக்குக் கை காட்டினாள், நான் எங்கோ பயணம் போகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ. கடைசியில் பிளாட்பாரமே முடிந்துவிட்டது. ரெயில் பெருமூச்சு விட்டு நின்றது.

பின்னால் இன்னொரு ரெயில் வருவதால் ஒரு அடிகூடப் பின்னுக்கு எடுக்கக் கூடாது என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து உத்தரவு வந்தது. முன் இரண்டு பெட்டிச் சனமும் உள்ளுக்குள்ளேயே நடந்து மூன்றாம் பெட்டிக்குப் போய் இறங்க வேண்டும். கொண்டக்டர் பின்னால் இருந்தார். ஆகவே நானே கதவைத் திறந்து முதல் பெட்டிக்குள் போய் மன்னிப்புக் கேட்டேன், பிரெஞ்சில், ஆங்கிலத்தில், கைகளாலும்.

முதல் பெட்டியில் ஏறுகிறவர்கள் அங்கே ஏறுவதே கார் நிறுத்துமிடத்துக்குக் கிட்ட இறங்கத்தான். அப்படி ஏறிய ஒருவர், கழுத்துப்பட்டியும் கம்பளித் தொப்பியுமாக, எழுந்து வந்தார்.

“இதை ஓட்டினது யார்?” என்று ஆங்கிலத்தில் உறுமினார்.

“நான்தான்.”

என் முகத்தை உற்றுப் பார்த்தார். குரல் இறங்கியது. “பிள்ளை தமிழோ?”

ஓம் என்று சொல்வதற்கு ஒரு உயிரெழுத்தும் ஒரு மெய்யும்தான் தேவை. ஆனால் இவர் கோயிலில் அம்மாவைக் கண்டு சொன்னால்? சனிக்கிழமை வருகிறவர்களின் காதுக்குப் போனால்?

“நோ மெஸ்யூ,” என்றேன். “மொரிசியஸ்.” எங்கள் நிறத்தில் பிரெஞ்சு பேசுகிற சனத்தின் தீவு அது.

அவர் முகத்தில் பெரிய நிம்மதி. திரும்பி நடந்துகொண்டே தனக்குள் சொன்னார்:

“நல்ல காலம். எங்கடை பிள்ளை எண்டால் வெக்கக்கேடு.”

மொரிசியஸ்காரிக்கு விளங்காத தமிழ்தானே. நான் விளங்காத முகத்தோடு சிரித்து, ‘மெர்சி’ என்றும் சொல்லி வழியனுப்பினேன். பிறகு சாரதி அறைக்குள் வந்து கதவைப் பூட்டிவிட்டு அழுதேன். பிறகு அடுத்த ஸ்டேஷனில் சரியான இடத்தில் நிறுத்தினேன்.

மறுநாள் விசாரணை. மேற்பார்வையாளர் நல்ல மனிதர். “இலைகள்தானே?” என்று தப்புகிற வழியை அவரே திறந்து வைத்தார்.

“இலைகள் பாதி,” என்றேன். “நான் பிந்திப் பிரேக் போட்டேன். வேறு யோசனையில் இருந்தேன்.”

“என்ன யோசனை?”

“எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள்.”

அவர் பேனையை வைத்துவிட்டு, பிறகு எடுத்து, ‘சொந்தக் காரணம்’ என்று எழுதினார். இரண்டு கிழமை ஒரு மூத்த சாரதியின் கண்பார்வையில் ஓட்ட வேண்டும் என்று முடிவு. வேலை போகவில்லை. வெளியே வந்தபோது ஒன்று உறைத்தது: வேலையைப் பறிக்கக்கூடிய மனிதரிடம் இமைக்காமல் உண்மை சொல்ல முடிந்தது. முன்பின் தெரியாத ஒருவரிடம் நான் தமிழ் என்று சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை வந்தது. நான் சேலை கட்டிக்கொண்டு தேநீர்த் தட்டோடு வரவேற்பறைக்குள் போனேன். சோபாவில் சுதன். பக்கத்தில் அவருடைய அம்மா. அதற்குப் பக்கத்தில், தொப்பி இல்லாமல், ரெயிலில் உறுமிய அவர்.

தட்டை அவர் முன்னால் நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். கோப்பையை எடுத்தார். மறுபடியும் பார்த்தார்.

“பிள்ளை என்ன வேலை எண்டு சொன்னனீங்கள், தங்கச்சி?” என்று அம்மாவிடம் கேட்டார்.

“ரைம்ரேபிள் போடுறா அண்ணை.”

“அப்பிடியோ. நான் ரைம்ரேபிளைக் குழப்புறவ எண்டெல்லோ நினைச்சன்.”

அம்மா விளங்காமல் சிரித்தார். நான் தட்டை வைத்தேன். ஒளிக்க இனி இடமில்லை.

“நான் ஒஃபிஸிலை இல்லை அங்கிள். ரெயில்தான் ஓட்டுறன். செவ்வாய்க்கிழமை உங்களைப் புல்லுக்குள்ளை கொண்டுபோய் விட்டது நான்தான். மொரிசியஸ் எண்டு சொன்னது பொய்.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அவரோ திடீரென்று வேறொன்றை நினைத்தவர் போல நிமிர்ந்தார். காது நுனி சிவந்தது.

“அப்ப... நான் போகேக்கை சொன்னது விளங்கினதோ?”

“ஓம் அங்கிள். எல்லாம் விளங்கினது.”

“என்ன சொன்னனீங்கள்?” என்றார் அவர் மனைவி, கோப்பையைக் கீழே வைத்து.

“அது... ஒண்டுமில்லையப்பா.”

“சொல்லுங்கோ.”

சொன்னார். மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு. சொல்லி முடித்ததும், அதுவரை வாய் திறக்காத சுதன் சிரிக்கத் தொடங்கினார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை, மூக்கால் தேநீர் வந்தது.

“பிள்ளை, குறை நினையாதையும்,” என்றார் அவர். “பிந்திப் போன கோவத்திலை வந்த கதை. ஆனால் ஒண்டு. ரெயில் தாண்டிப் போனது எனக்குப் பெரிசில்லை. தமிழோ எண்டு கேக்க, ‘இல்லை’ எண்டிட்டீர், அதுதான் பெரிசு.”

“வெக்கக்கேடு எண்டு நீங்கள் சொல்லுவியள் எண்டு எனக்கு முதலே தெரிஞ்சிட்டுது போல,” என்றேன். நகைச்சுவையாகத்தான் சொல்ல நினைத்தேன். அப்படி வரவில்லை. அவர் தலையாட்டிவிட்டு, ஆறிப்போன தேநீரைக் குடித்தார்.

அம்மா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நான்காம் நாள் பியர்பொன்ட்ஸிலிருந்து போன் வந்தது: அவர்களுக்குச் சம்மதம். அடுத்த வைகாசியில் கலியாணம்.

இப்போது எங்கள் வீட்டில் யாராவது கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாவிட்டால், “என்ன, மொரிசியஸோ?” என்று கேட்பார்கள். சொக்லேட்டை எடுத்தது யார் என்று கேட்டால் என் மகள் தானாகவே “மொரிசியஸ்” என்று ஒப்புக்கொள்கிறாள். மாமாவோ எந்த விசேஷத்திலும் இந்தக் கதையைச் சொல்லாமல் சாப்பிட உட்கார மாட்டார். ஒவ்வொரு தடவையும் ரெயில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகிறது. இரண்டு பெட்டி நாலாகி, நாலு எட்டாகி, போன மாதம் ஒரு பிறந்தநாள் வீட்டில் அது ஆற்றங்கரைக்கே போய்விட்டது. நான் திருத்துவதில்லை.

அம்மாதான் விடமாட்டார். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்வார்:

“எண்ணூறு சனம் இருந்தது அண்ணை. அவ்வளவு பேரையும் என்ரை பிள்ளை தனியத்தான் கொண்டு போனவள். அதையும் சேர்த்துச் சொல்லுங்கோ.”